எரிந்த ஏடும் மீறிய வாக்கும்

நெருப்பில் இட்ட பொன்னை உவமையாகக் காட்டி, துன்பம் மனிதனின் மாசுகளை நீக்கும் என்று கூறுவது தமிழ் இலக்கியத்தில் பழைய வழக்கு. பிற சமயங்களிலும் பிற மொழிகளிலும் இக்கருத்து வெவ்வேறு வடிவில் காணப்படுகிறது. பெருந்துன்பம் ஒன்றைக் கடந்து உயிரோடு மீண்டவரைக் காணும்போது, அவரிடம் ஏதோ ஒரு தெளிவும் பெருந்தன்மையும் குடிகொண்டிருக்கும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. அவ்வாறு இல்லையெனில் ஏமாற்றமும் அடைகிறது. இந்த எதிர்பார்ப்பு நியாயமானதுதானா? துன்புற்றவர் நல்லவராகவும் இருந்தாக வேண்டும் என்று கேட்பது, அவர் தோளில் ஏற்றப்படும் இன்னொரு சுமை ஆகாதா? அவருக்குப் பிறந்த பிள்ளை, தான் காணாத அத்துன்பத்தின் பெயரால் எதை உரிமையாகக் கோரலாம், எதைக் கோரலாகாது?

இக்கேள்விகளை மிகுந்த துணிவோடு எழுப்பிய நூல்களுள் ஒன்று, சிறுவர்க்குரியது என்று பலர் ஒதுக்கிவைத்திருந்த சித்திரக்கதை வடிவில் வந்தது. அமெரிக்க ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மன் எழுதி வரைந்த 'மவுஸ்' என்பதே அந்நூல். ஜெர்மானிய மொழியில் அச்சொல்லுக்கு எலி என்று பொருள். 1972இல் மூன்று பக்கச் சிறு சித்திரமாகத் தோன்றிய இக்கரு, 1980 டிசம்பர் முதல் 'ரா' என்னும் இதழில் தொடராக வளர்ந்தது. முதற்பாகம் 1986இலும் இரண்டாம் பாகம் 1991இலும் நூல்களாயின. 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு கிடைத்தது. இடையில், நியூயார்க் நகரின் பெரும் நாளேடு ஒன்று தன் விற்பனைப் பட்டியலில் இந்நூலைப் புனைகதை வரிசையில் சேர்த்தபோது, ஆசிரியர் மறுத்துக் கடிதம் எழுதினார். நூல் வரிசை மாற்றப்பட்டது. யூதர் எலிகளாகவும் ஜெர்மானியர் பூனைகளாகவும் போலந்து மக்கள் பன்றிகளாகவும் அமெரிக்கர் நாய்களாகவும் வரையப்பட்ட ஒரு கதை உண்மைக் கதையாகுமா என்று வியப்பவர் உண்டு. ஆனால் அதில் பேசுவோர் அனைவரும் மெய்யாக வாழ்ந்த மனிதர்கள். அவர்களுள் தலையாயவர் ஆசிரியரின் தந்தை விளாடெக்.

விளாடெக் 1906இல் போலந்தில் பிறந்தவர். துணி வணிகம் செய்தவர். 1937இல் சோஸ்னோவியெட்ஸ் நகரின் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்த அன்யாவை மணந்தார். அவ்வாண்டிலேயே ரிஷ்யூ என்னும் ஆண்மகவு பிறந்தது. 1939இல் போர் மூண்டபோது போலந்துப் படையில் நின்று ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்டார். அதன்பின் படிப்படியாகச் சொத்து போயிற்று, வீடு போயிற்று, உற்றார் போயினர். பதுங்கு குழிகளிலும் பிறர் தொழுவங்களிலும் ஒளிந்து வாழ்ந்த கணவனும் மனைவியும் 1944இல் ஹங்கேரிக்குத் தப்ப முயன்று, கடத்திச் செல்வதாக வாக்களித்தவர்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். விளாடெக்கின் கையில் 175113 என்னும் எண் பச்சை குத்தப்பட்டது. நாஜிகள் கொன்ற யூதர்கள் ஏறத்தாழ 60 இலட்சம் பேர். அவர்களுள் இவ்விருவரும் சேராமற் போனது எவ்வாறு என்பதே நூலின் வெளிக்கதை.

அந்த வெளிக்கதையில் விளாடெக் போற்றத்தக்கவராகவே காட்சி தருகிறார். ஆங்கிலம் தெரிந்திருந்தமையால் போலந்துக் கண்காணி ஒருவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து உணவும் நல்ல உடையும் பெறுகிறார். அந்நிலையிலும் உடனிருந்த நண்பர் ஒருவரை மறக்கவில்லை. அளவு பொருந்தாத உடையும் காலணியுமாக அவதியுற்ற அம்மனிதருக்கு ஒரு கரண்டியும் ஓர் இடைவாரும் ஒரு சோடி மரக்காலணியும் கேட்டு வாங்கித் தருகிறார். கரண்டியும் காலணியும் பெற்ற மனிதர் அழுகிறார். (அந்த நண்பர் பிழைக்கவில்லை.) தகர வேலை தெரிந்தவராக நடித்துத் தகர வேலை கற்றுக்கொள்கிறார், பின்னர்ச் செருப்புத் தைப்பவராகிறார். தம் பங்கு ரொட்டியையும் சிகரெட்டுகளையும் உண்ணாமலும் புகைக்காமலும் சேமித்து, கையூட்டாகக் கொடுத்து, பிர்கெனாவில் கிடந்த அன்யாவைத் தமக்கு அண்மையில் மாற்றச் செய்கிறார். ஒரு துண்டு ரொட்டியின் விலையும் ஒரு முழக் கயிற்றின் பயனும் அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அந்தக் கணக்கறிவே அவரையும் மனைவியையும் காத்த கருவிகளுள் ஒன்று.

அதே மனிதர் நியூயார்க்கின் ரேகோ பார்க் பகுதியில், எழுபது வயதில், தெருவில் கிடக்கும் தொலைபேசிக் கம்பியைப் பொறுக்கி வருகிறார். மாத்திரைகளை எண்ணி எண்ணி அடுக்குகிறார். மகனின் மேலங்கி பழையதாகிவிட்டது என்று அவனைக் கேளாமலே குப்பையில் எறிந்துவிட்டுத் தம்முடைய பழைய அங்கியைக் கொடுக்கிறார். கோடை விடுதியில், எரிவாயுவுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதால், தீக்குச்சி மிச்சமாகட்டும் என்று அடுப்பை நாள் முழுதும் எரியவிடுகிறார். உண்டு மிஞ்சிய உணவுப் பெட்டிகளைக் கடைக்குத் திருப்பி எடுத்துச்சென்று, தம் உடல்நலக் குறைவையும் மனைவி பிரிந்து சென்றதையும் முகாமில் பட்ட பாட்டையும் கடைக்காரரிடம் எடுத்துரைத்துப் பணத்துக்கு ஈடாக வேறு பொருள் வாங்கி வருகிறார். மகனும் மருமகள் பிரான்சுவாஸும் வெளியே காரில் அமர்ந்து நாணிக் குறுகுகின்றனர். ஆஷ்விட்ஸ் என்னும் சொல் ஒரு மளிகைக் கடையில் தள்ளுபடிச் சீட்டாகப் பயன்படுவதைக் காட்டும் அந்தப் பக்கம் சிரிப்பையும் வேதனையையும் ஒருங்கே தருகிறது.

முகாமில் அறமாக இருந்த சிக்கனம் வீட்டில் கருமித்தனமாயிற்று என்று சொல்லி இதனை எளிதில் முடித்துவிடலாம். பல திறனாய்வாளர் அவ்வாறே முடித்தும் விடுகின்றனர். நூல் அதற்கு இடம் தரவில்லை. விளாடெக்கின் இரண்டாம் மனைவி மாலாவும் முகாமிலிருந்து மீண்டவரே. அங்கிருந்து வந்த பலரைத் தமக்குத் தெரியும் என்றும், ஒருவரும் இவரைப்போல் ஆகவில்லை என்றும் அவர் சலிப்போடு கூறுகிறார். நூலில் மிகக் குறைவாகவே பேசும் மாலாவின் இந்த ஒரு மறுமொழி, முழுக் காரண காரிய வாதத்தையும் ஆட்டங்காணச் செய்கிறது. விளாடெக் போருக்கு முன்பே இப்படித்தான் இருந்தாரா, போர் அவரை இப்படி ஆக்கிற்றா என்பதை மகனாலும் முடிவு செய்ய இயலவில்லை. முடிவு செய்யாமல் விட்டதே நேர்மை எனத் தோன்றுகிறது. ஒரு மனிதனின் குணமெல்லாம் முகாமின் விளைவு என்று சொன்னால், அவனுக்கென்று இருந்த குணமும் அவன் செய்த தெரிவும் அவனிடமிருந்து பறிக்கப்பட்டுவிடும். எண் மட்டுமே எஞ்சும்.

இதைவிடக் கசப்பான காட்சி ஒன்று உண்டு. வழியில் நின்ற கறுப்பின மனிதர் ஒருவரைப் பிரான்சுவாஸ் காரில் ஏற்றிக்கொள்கிறார். விளாடெக் தம் தாய்நாட்டு மொழியில் முணுமுணுத்துச் சீறுகிறார். அம்மனிதர் இறங்கியதும், பின்னிருக்கையில் இருந்த மளிகைப் பொருள்களை அவர் திருடிவிடாதபடி காவல் காக்க வேண்டியிருந்தது என்கிறார். நாஜிகள் யூதரைப் பற்றிப் பேசியவாறே நீங்கள் இவர்களைப் பற்றிப் பேசுகிறீர்களே என்று மருமகள் கொதிக்கிறார். இரண்டையும் ஒப்பிடலாகாது என்பதே மாமனாரின் விடை. அதில் அவருக்குச் சிறிதும் ஐயமில்லை. துன்பம் பட்டவன் பிறர் துன்பம் அறிவான் என்னும் நம்பிக்கை இந்தக் காரின் பின்னிருக்கையில் உடைந்து கிடக்கிறது. இன வெறுப்பின் பெயரால் குடும்பம் முழுவதையும் இழந்தவர், மற்றோர் இனத்தை வெறுப்பதில் முரண்பாடு எதையும் காணவில்லை. கொடுமை என்பது கற்பிக்கும் பள்ளி அன்று. அங்கே எதையும் கற்பிக்கும் நோக்கம் எவருக்கும் இல்லை. அதிலிருந்து வெளிவந்தவர் பாடம் கற்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, கொடுமைக்கு அது பெறாத ஒரு மதிப்பைத் தருவதாகும்.

இக்கருத்தை நூலுள் வெளிப்படையாகப் பேசுபவர் பாவெல் என்னும் மனநல மருத்துவர். அவரும் ஆஷ்விட்ஸிலிருந்து மீண்டவர். பிழைத்தவரைப் போற்றினால், பிழைக்காதவர் ஏதோ குறைபாடுடையவர் என்று பொருள்பட்டுவிடும் என்பது அவர் எழுப்பும் தடை. அங்கே நல்லவரும் மடிந்தனர், தீயவரும் மடிந்தனர், பிழைத்ததும் அவ்வாறே. விளாடெக்கின் திறமை மெய். ஆயினும் அதே திறமை வாய்ந்த ஆயிரவர் சாம்பலாயினர். தாம் பிழைத்ததற்கு அவர் குற்ற உணர்வு கொண்டிருக்கலாம் என்றும், அதை வெளிப்படுத்தத் தகுந்த இடமாக அவருக்கு வாய்த்தவன் மகனே என்றும் பாவெல் ஊகிக்கிறார். அவ்வகையில் மெய்யாகவே தப்பிப் பிழைக்க வேண்டியிருந்தவன் மகன்தான் என்பது அவர் கருத்து. இது கேட்க இனிமையான விளக்கம். மகனுக்கு ஆறுதலும் தருகிறது. ஆறுதல் தருகிறது என்பதற்காகவே அதைச் சற்று ஐயத்தோடு நோக்கவும் வேண்டும்.

இனி அந்த மகனைக் காண்போம். நூலை ஆக்கியவர் ஸ்பீகல்மன். நூலுள் உலவுபவன் ஆர்ட்டி. இருவரையும் ஒருவராகவே கொள்வது நூலைத் தவறாகப் படிப்பதாகும். ஸ்பீகல்மன் 1948இல் ஸ்டாக்ஹோமில் பிறந்து குழந்தையாக அமெரிக்கா வந்தவர். போரை அவர் காணவில்லை. காணாத ஒன்றை நினைவாகச் சுமப்பது எப்படி என்னும் கேள்விக்கு, மரியான் ஹிர்ஷ் என்னும் அறிஞர் 1992இல் இந்நூலை ஆராய்ந்தபோது 'பின்னினைவு' என்னும் பொருள்பட ஒரு சொல்லை உருவாக்கினார். சொல் இன்று உலகெங்கும் வழங்குகிறது. ஆனால் ஆர்ட்டி சுமப்பது வெறும் நினைவை அன்று. பெற்றோரின் படுக்கையறைச் சுவரில் மாட்டப்பட்டிருந்த ஓர் ஒளிப்படத்தை. அது ரிஷ்யூவின் படம். அடம் பிடிக்காத, குறும்பு செய்யாத, மருத்துவனாகியிருக்கக்கூடிய அண்ணன் அங்கே என்றும் சிறுவனாகவே இருக்கிறான். உயிரோடிருக்கும் தம்பி எதைச் செய்தாலும் படத்தோடு போட்டியிட முடியாது. உடன்பிறந்தாரிடையே வரும் பொறாமை இயல்பு. நஞ்சுண்டு இறந்த குழந்தையின் மீது பொறாமை கொண்டவன் அதை எவரிடம் சொல்வான்?

ஆர்ட்டி நல்ல மகன் அல்லன். தந்தை நெஞ்சுவலி என்று அழைத்தால் தயங்குகிறான். கூரை ஒழுகுகிறது, வந்து உதவு என்றால் சாக்குச் சொல்கிறான். ஒலிப்பதிவுக் கருவியோடு வரும்போது மட்டும் ஆர்வமாக வருகிறான். தந்தை இன்றைய மனக்குறைகளைச் சொல்லத் தொடங்கினால் பேச்சை மீண்டும் போலந்துக்குத் திருப்புகிறான். கிழவருக்கு மகன் வேண்டும்; மகனுக்குக் கதை வேண்டும். இந்தப் பண்டமாற்று நூல் முழுவதும் நடைபெறுகிறது. மகன் தந்தைக்கு ஆற்றும் கைம்மாறு, இவனைப் பெற இவன் தந்தை என்ன தவம் செய்தாரோ என்று உலகைச் சொல்லவைப்பது என்கிறது குறள். ஸ்பீகல்மன் உலகுக்குக் காட்டிய தந்தையோ கருமி, பிடிவாதக்காரர், இன வெறுப்பாளர். யூதரை இழிவுபடுத்தியோர் காலங்காலமாக வரைந்த கருமிக் கிழவனின் உருவத்தையே தன் தந்தை ஒத்திருக்கிறாரே என்று ஆர்ட்டி நூலுக்குள்ளேயே அஞ்சுகிறான். அஞ்சியும் வரைந்தான். இது கைம்மாறா, காட்டிக்கொடுத்தலா?

இக்கேள்விக்கு விடை காண, நூலின் இரு செயல்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று தந்தை செய்தது. மற்றொன்று மகன் செய்தது.

மகன் செய்ததே காலத்தால் முந்தியதாக நூலில் வருகிறது. முதல் அத்தியாயத்தில் விளாடெக், அன்யாவைச் சந்திப்பதற்கு முன் தாம் பழகிய ஒரு பெண்ணைப் பற்றி விரிவாகக் கூறுகிறார். அவளை அவர் விட்டுப் பிரிந்த விதம் அவருக்குப் பெருமை சேர்ப்பதன்று. கூறி முடித்தபின், இதனை நூலில் எழுதாதே, இதற்கும் ஹிட்லருக்கும் தொடர்பில்லை, இது முறையன்று என்று மகனிடம் கேட்டுக்கொள்கிறார். இவையெல்லாம் இருந்தால்தான் கதை மெய்யாகும் என்று ஆர்ட்டி வாதாடிப் பார்க்கிறான். தந்தை இணங்கவில்லை. இறுதியில் எழுதமாட்டேன் என்று வாக்களிக்கிறான். வாசகர் இந்த வாக்கைப் படிப்பது, எழுதப்படாது என்று சொல்லப்பட்ட நிகழ்ச்சிகள் முழுவதையும் படித்து முடித்த பின்னர்!

இது குறும்பாகச் செய்யப்பட்ட உத்தி என்று சிலர் நயந்து பாராட்டுவர். பாராட்டுக்குரியதன்று என்பதற்கு ஒரு செய்தி போதும். இந்த அத்தியாயம் இதழில் அச்சானது 1980இல். விளாடெக் இறந்தது 1982 ஆகஸ்டு 18ஆம் நாள். இறந்தவருக்குக் கொடுத்த வாக்கை மீறுவது ஒருவகை. உயிரோடு இருப்பவருக்குக் கொடுத்த வாக்கை அச்சில் மீறுவது வேறுவகை. மீறியதற்கு மகன் காட்டும் காரணம் உண்மை. தந்தையை முழு மனிதராகக் காட்ட வேண்டும். காதலும் சபலமும் தன்னலமும் உள்ள இளைஞன் ஒருவனைக் கண்ட பின்னரே, அவனுக்கு இழைக்கப்பட்ட கொடுமை எத்தகையது என்பது வாசகருக்கு உறைக்கும். இந்தக் காரணம் கலைக்குப் பொருந்தும், வாக்குக்குப் பொருந்தாது. இரண்டும் ஒரே நேரத்தில் மெய்யாக இருப்பதே இங்குள்ள சிக்கல். தந்தையின் வேண்டுகோளை அடியோடு மறைத்துவிட்டு அந்தப் பெண்ணின் கதையை மட்டும் ஸ்பீகல்மன் வெளியிட்டிருக்கலாம். எவருக்கும் தெரிந்திருக்காது. வேண்டுகோளையும் வாக்கையும் சேர்த்து வரைந்ததன் மூலம், தம்மைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சான்றைத் தாமே அச்சிட்டுக் கொடுத்தார். குற்றம் அதனால் குறையவில்லை. மறைவாக இல்லை, அவ்வளவே.

தந்தை செய்தது இதனினும் பெரிது. அன்யா போருக்குப்பின் தம் வாழ்வை ஏடுகளில் எழுதி வைத்திருந்தார். 1968இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். கடிதம் எதுவும் எழுதி வைக்கவில்லை. மகனுக்கு அப்போது வயது இருபது. மனநல மருத்துவமனையிலிருந்து சில மாதங்களுக்கு முன்னரே வீடு திரும்பியிருந்தான். பின்னாளில் தந்தையிடம் கதை கேட்கத் தொடங்கியபோது, தாயின் ஏடுகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். தேடியும் கிடைக்கவில்லை என்கிறார் விளாடெக். முதற்பாகத்தின் முடிவில் உண்மை வெளிவருகிறது: அன்யா இறந்தபின் ஒரு நாள், நினைவுகளின் பாரம் தாளாமல், ஏடுகளை எல்லாம் அவர் எரித்துவிட்டார். அவற்றில் என்ன இருந்தது என்று மகன் கேட்கிறான். தம் மகன் வளர்ந்தபின் இவற்றில் ஆர்வம் கொள்வான் என்று அவள் விரும்பியது மட்டும் நினைவிருக்கிறது என்று விடை வருகிறது. தாய் தனக்கென்று விட்டுச்சென்ற ஒரே பொருள் இருந்தது என்பதையும் அது இல்லை என்பதையும் அவன் ஒரே மூச்சில் அறிகிறான். கொலைகாரர் என்று தந்தையை ஏசுகிறான். தந்தையிடம் இப்படிப் பேசலாமா என்று கிழவர் கடிந்துகொண்டதும் மன்னிப்புக் கேட்கிறான். வெளியே நடந்து போகையில் அதே சொல்லை மீண்டும் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். முதற்பாகம் அச்சொல்லோடு முடிகிறது.

அச்சொல் பொருந்துமா? ஏட்டை எரிப்பது கொலையா? மிகை என்றே முதலில் தோன்றும். ஆனால் அன்யாவைப் பற்றி நூலில் எஞ்சியிருப்பது என்ன என்று பார்த்தால் மகனின் சீற்றம் விளங்கும். பிர்கெனாவில் அவர் என்ன பாடுபட்டார், எதை அஞ்சினார், யாரை நம்பினார் என்பவை அவர் வாயிலிருந்து வருவதற்கில்லை. விளாடெக்கைக் கேட்டால், தாம் பட்டதையே அவளும் பட்டாள், பயங்கரம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார். அவர் கூற்றில் அன்யா எப்போதும் அழுபவர், அஞ்சுபவர், கணவனால் காக்கப்படுபவர். போருக்கு முன் பொதுவுடைமையரின் இரகசிய ஆவணங்களை மொழிபெயர்த்து, காவலர் தேடிவந்தபோது தந்திரமாகத் தப்பியவரும் இதே அன்யாதான் என்பது ஓரிடத்தில் மட்டும் மின்னி மறைகிறது. அழுதது உண்மையாக இருக்கலாம். அது மட்டுமா உண்மை என்பதை இனி எவரும் அறிய முடியாது. நாஜிகள் அழிக்க முயன்று தோற்ற ஒரு குரலை, அவளை உயிராக நேசித்த கணவர் அழித்தார். நேசித்தார் என்பதில் ஐயமில்லை. எரித்ததற்குக் காரணமும் அந்த நேசமே.

விளாடெக்கின் பக்கத்தில் நின்றும் ஒன்று சொல்ல வேண்டும். தாயின் மரணத்தைப் பற்றி ஸ்பீகல்மன் முன்னரே, 1970களின் தொடக்கத்தில், நான்கு பக்கச் சித்திரம் ஒன்று வரைந்திருந்தார். அது மவுஸின் நடுவே அப்படியே சேர்க்கப்பட்டிருக்கிறது. அதில் விலங்குகள் இல்லை. கோரமான மனித முகங்கள். கடைசி இரவில் தாய் அறைக்கு வந்து தன்மீது இன்னும் அன்பிருக்கிறதா என்று கேட்டபோது, மகன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். முடிவில், தன்னைக் கொன்றுவிட்டுத் தப்பிச் சென்றவள் என்று அந்தத் தாயையே குற்றஞ்சாட்டுகிறான். தற்செயலாக இதனைக் கண்ட விளாடெக் படித்து அழுதார், சினக்கவில்லை. மனத்தில் இருந்ததை வெளியே கொட்டிவிட்டது நல்லதுதான் என்கிறார். மகன் தன் வேதனையைத் தாளில் இறக்கிவைத்ததைத் தந்தை மன்னித்தார். தந்தை தம் வேதனையைத் தீயில் இறக்கிவைத்ததை மகனால் மன்னிக்க இயலவில்லை. தாய், தந்தை இருவர்மீதும் ஆர்ட்டி சுமத்தும் பழி ஒன்றே என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும்.

கொலை என்னும் சொல்லை நூல் வழங்கும் முறையில் இன்னொரு செய்தியும் உண்டு. 1943இல், சற்றுப் பாதுகாப்பான இடம் என்று நம்பி, ரிஷ்யூவை அன்யாவின் அக்காள் தோஷாவுடன் வேறோர் ஊருக்கு அனுப்பிவைத்தனர். அதற்கு முன்னரே நண்பர் ஒருவர், போலந்துக் குடும்பத்திடம் தம் மகனை ஒளித்துவைத்தபோது, ரிஷ்யூவையும் சேர்த்து அனுப்பலாம் என்றார். பிரிய மனமின்றி அன்யா மறுத்திருந்தார். அந்த நண்பரின் மகன் பிழைத்தான். தோஷா இருந்த ஊரில் ஜெர்மானியர் யூதரை முகாமுக்கு இழுத்துச்செல்லத் தொடங்கியபோது, அவர் தாமும் நஞ்சுண்டு, தம் பொறுப்பில் இருந்த மூன்று குழந்தைகளுக்கும் நஞ்சூட்டினார். நச்சுவாயு அறைக்குத் தாமும் போகமாட்டார், பிள்ளைகளையும் போகவிடமாட்டார் என்பது அவர் முடிவு. மூவருள் ஒருவன் ரிஷ்யூ. வயது ஆறுகூட நிரம்பவில்லை.

தோஷாவை நூலில் எவரும் கொலைகாரி என்று அழைக்கவில்லை. விளாடெக் அழைக்கவில்லை, ஆர்ட்டியும் அழைக்கவில்லை. குழந்தைகளைத் தம் கையால் கொன்றவருக்கு அச்சொல் இல்லை. தாள்களை எரித்தவருக்கு உண்டு. இது முரண்பாடாகத் தோன்றலாம். தோஷாவின் முன் இருந்தவை இரண்டு சாவுகள். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தார். அத்தகைய இடத்தில் நின்றவரை அளக்க, வெளியே நிற்பவரிடம் அளவுகோல் இல்லை. விளாடெக் ஏடுகளை எரித்தபோது நியூயார்க்கில் பூனைகள் இல்லை. அவருக்கு வேறு வழி இருந்தது: பெட்டியைப் பூட்டி வைத்திருக்கலாம், மகனிடம் கொடுத்திருக்கலாம். வழி இருந்தவரையே பழிக்க முடியும். அவ்வாறாயின், ஆர்ட்டி தந்தையை ஏசியது, அவரை முகாமின் கைதியாக அன்றி, தெரிவு செய்ய வல்ல முழு மனிதராக நடத்திய சில தருணங்களுள் ஒன்றாகிறது. ஏசியவன் இதை எண்ணி ஏசவில்லை. இருபதாண்டுச் சினத்தில் ஏசினான். ஆயினும் விளைவு அதுவே.

இரண்டாம் பாகத்தின் நடுவில் ஸ்பீகல்மன் தம்மையே வரைந்த பக்கம் ஒன்று வருகிறது. முதற்பாகம் வெற்றி பெற்றுவிட்டது, தந்தை இறந்துவிட்டார். வரைபலகையின் முன் அமர்ந்திருப்பவரின் முகத்தில் எலி முகமூடி ஒன்று கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. பலகையின் கீழே எலிப் பிணங்களின் குவியல், ஈக்கள் மொய்க்கின்றன. செய்தியாளரும் வணிகரும் பிணங்களை மிதித்துக்கொண்டு வந்து, நூலின் கருத்து என்ன, வணிகப் பொருள் செய்து விற்க உரிமை உண்டா என்று கேட்கின்றனர். அவர் சிறுத்துச் சிறுத்துக் குழந்தையாகிறார். அந்த உருவத்தோடேயே பாவெலிடம் செல்கிறார். இறந்தவர் தம் பக்கத்தைச் சொல்ல முடியாதபோது, இனிக் கதைகளே இல்லாதிருப்பது மேலோ என்று பாவெல் வினவுகிறார். அங்கே மௌனத்தைப் போற்றிய பெரும் எழுத்தாளர் ஒருவரின் கூற்று நினைவுக்கு வருகிறது. அதைச் சொல்லவும் அவருக்குச் சொல் வேண்டியிருந்ததே என்றும் உடனே தோன்றுகிறது. மரபாக வந்த துயரத்தை விற்றுப் பொருளாக்கும் குற்றம் தம்மீது உண்டு என்பதை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டிய பக்கம் சித்திரக்கதை உலகில் அரிது.

இந்நூலைப் பழிப்போர் இன்றும் உள்ளனர். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மக்மின் மாவட்டக் கல்விக் குழு, எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து இதனை ஒருமனதாக நீக்கியது. வசைச்சொற்களும் ஆடையற்ற ஓர் உருவமும் இருப்பதே காரணமாகக் காட்டப்பட்டது. அந்த உருவம் இறந்து கிடந்த அன்யாவினுடையது. பொன் நெருப்பிலிருந்து மாசற்று வர வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு எத்துணை வலிமையானது என்பதற்கு இதுவும் ஒரு சான்று. பிழைத்தவர் பெருந்தன்மையோடும், மகன் பணிவோடும், தாய் ஆடையோடும் இருந்திருந்தால் நூல் வகுப்பறையில் இருந்திருக்கும். அப்படிப்பட்ட நூல்கள் ஏராளமாக உள்ளன. அவற்றைப் படித்தவர் அழுதுவிட்டு மூடிவைக்கலாம்.

நூலின் இறுதிப் பக்கத்தில் விளாடெக் படுக்கையில் சாய்ந்திருக்கிறார். போர் முடிந்து சோஸ்னோவியெட்ஸில் தாமும் அன்யாவும் மீண்டும் கண்டு தழுவிக்கொண்டதைச் சொல்லி, அதன்பின் இருவரும் இன்பமாகவே வாழ்ந்ததாகக் கதையை முடிக்கிறார். அது உண்மையன்று என்பதைக் கேட்பவன் அறிவான், அவர் அறியாதவரல்லர். ஆர்ட்டி மறுத்து எதுவும் சொல்லவில்லை. பேசிக் களைத்துவிட்டது, ஒலிப்பதிவை நிறுத்து என்று கேட்கும் கிழவர், எதிரே அமர்ந்திருக்கும் மகனை ரிஷ்யூ என்று பெயர் சொல்லி அழைக்கிறார். மகன் திருத்தவில்லை. கீழே ஒரே கல்லறைக் கல்லில் விளாடெக், அன்யா இருவரின் பெயர்களும் பிறந்த, இறந்த நாள்களும் வரையப்பட்டுள்ளன. கல்லுக்குக் கீழே ஸ்பீகல்மனின் கையெழுத்தும், 1978 முதல் 1991 வரை என்னும் ஆண்டுக் குறிப்பும் உள்ளன. ரிஷ்யூவுக்கு அந்தப் பக்கத்தில் கல் இல்லை. அவனுடைய ஒளிப்படம் இரண்டாம் பாகத்தின் முகப்பில், நூல் யாருக்குக் காணிக்கை என்று குறிக்கப்பட்ட இடத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது.